கியாரனன்: லூயிஸ் தீவின் கேலிக் கிராமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடித்த கல் சுவர், வைக்கோல் கூரை, கூரையின் ஓரத்தில் வரிசையாகத் தொங்கும் கற்கள், பின்னால் அட்லாண்டிக் கடல். ஸ்காட்லாந்து பற்றிய பயணப் படங்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கியாரனன். படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் வீடுகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்த வீடுகளில் பேசிய கேலிக் என்ற ஸ்காட்லாந்தின் பழைய மொழி, பாடிய பாட்டு, நெய்த துணி, நிலத்துக்காக நடந்த போராட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால்தான் இந்த ஊர் பிடிபடும். கல்லையும் கூரையையும் பழுதுபார்த்துவிடலாம். அங்கே பேசிய மொழியைக் காப்பது அதைவிடப் பெரிய வேலை. கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

கியாரனன் எங்கே இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் வடமேற்கே அவுட்டர் ஹெப்ரிடீஸ் என்ற தீவுக்கூட்டம் உள்ளது. அதில் பெரியது லூயிஸ். தெற்கே உள்ள ஹாரிஸும் லூயிஸும் இரண்டு தீவுகள் என்றுதான் பேச்சில் வரும். உண்மையில் இரண்டும் ஒரே நிலப்பரப்பு. லூயிஸின் மேற்குக் கரையில், கார்லவே என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு சின்ன விரிகுடாவின் மேலே கியாரனன் இருக்கிறது. ஆங்கில வரைபடங்களில் கேரனின் என்று போட்டிருப்பார்கள். தீவின் ஒரே பெரிய ஊரான ஸ்டோர்னவேயிலிருந்து காரில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம்.

அங்கே இன்னும் மக்கள் வாழ்கிறார்களா?

ஊரில் வாழ்கிறார்கள், அந்தப் பழைய வீடுகளில் இல்லை. அந்த வீடுகளில் கடைசியாகக் குடியிருந்தவர்கள் 1974-இல் வெளியேறினார்கள். அப்போது எஞ்சியிருந்தவர்கள் வயதானவர்கள். வைக்கோல் கூரையை அடிக்கடி பிரித்து மேய வேண்டும், அதற்குப் பல கைகள் வேண்டும். இளையவர்கள் ஸ்டோர்னவேக்கோ கிளாஸ்கோவுக்கோ கடல் கடந்தோ போய்விட்ட பிறகு அந்த வேலையை யார் செய்வது? பக்கத்திலேயே குழாய்த் தண்ணீரும் குளியலறையும் உள்ள புதிய வீடுகள் கிடைத்தபோது அவர்கள் மாறிக்கொண்டதில் வியப்பில்லை. இன்று வந்து பார்க்கும் நமக்கு அழகாகத் தெரிவது, குளிர்காலம் முழுக்க அதில் இருந்தவர்களுக்குக் கடும் உழைப்பு.

பிறகு கூரைகள் சரிந்தன. 1989-இல் உள்ளூர் மக்கள் ஓர் அறக்கட்டளை அமைத்து, பழைய முறைப்படியே கல் அடுக்கி, கூரை வேய்ந்து, வீடுகளை ஒவ்வொன்றாக மீட்டார்கள். 1991-இல் ஒரு வீடு பயணிகள் விடுதியாகத் திறக்கப்பட்டது. இப்போது சில வீடுகள் வாடகைக்கு, ஒன்று அருங்காட்சியகம், ஒன்று சிற்றுண்டிச்சாலை. அருங்காட்சியக வீட்டை 1950-களில் ஒரு குடும்பம் இருந்த நிலையில் வைத்திருக்கிறார்கள். மின்விளக்கு, தறி, சமையல் சாமான்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஏழை வீடாகச் சோடித்துக் காட்டாமல், ஊர்ப் பெரியவர்களின் நினைவில் நின்ற காலத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்று நினைக்கிறேன்.

கறுப்பு வீடு என்கிறார்களே, அதை எப்படிக் கட்டினார்கள்?

இந்த வகை வீட்டுக்கே அந்தப் பெயர். கட்டும் முறை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது.

லூயிஸில் பெரிய மரங்கள் கிடையாது. கல் நிறைய உண்டு. காற்று ஆண்டு முழுக்க உண்டு. இந்த மூன்றும்தான் வீட்டின் வடிவத்தைத் தீர்மானித்தன. காரை இல்லாமல் இரண்டு கல் சுவர்களை இடைவெளி விட்டு எழுப்புவார்கள். நடுவில் மண்ணைக் கொட்டி இறுக்குவார்கள். மொத்தத் தடிமன் ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு வந்துவிடும் இடங்களும் உண்டு. மூலைகள் கூர்மையாக இல்லாமல் வளைந்திருக்கும், காற்று மோதி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

கூரையைச் சுவரின் வெளி விளிம்பில் வைக்காமல் உள் சுவரின் மேல் உட்கார வைப்பார்கள். இறவாணம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புயல் அதைப் பிடித்துத் தூக்கிவிடும். இங்கே பிடிக்க எதுவும் இல்லை. கூரையில் விழும் மழை சுவரின் நடுவிலுள்ள மண்ணுக்குள் இறங்கி, அதை ஈரமாகவே வைத்து, காற்று ஊடுருவாமல் அடைக்கும். சுவரின் மேல் மிஞ்சும் அகலமான திட்டில் புல் முளைத்துக்கிடக்கும். கூரை வேய்பவர்கள் நடந்து வேலை செய்யவும் அந்தத் திட்டுதான் உதவும்.

கூரைச் சட்டத்துக்கு மரம் கிடைப்பது அரிது. கடல் கரையொதுக்கிய கட்டைகள்கூட மதிப்புள்ள சொத்து. சட்டத்தின் மேல் புல்தரைத் துண்டுகள், அதன் மேல் வைக்கோல், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறுகள். கயிற்றின் நுனிகளில் கனமான கற்கள். படங்களில் அழகுக்குத் தொங்குவதுபோலத் தெரியும் அந்தக் கற்கள்தான் கூரையை வீட்டோடு இறுக்கிப் பிடித்திருப்பவை.

உள்ளே, தரையின் நடுவில் அடுப்பு எரியும். பழைய வீடுகளில் புகைபோக்கி கிடையாது; புகை மெல்லக் கூரைக்குள் ஊறி வெளியேறும். புகை பூச்சிகளை விரட்டும். கரி படிந்த பழைய வைக்கோலைப் பிரித்து எடுத்து வயலுக்கு உரமாகப் போடுவார்கள். வீட்டின் தாழ்ந்த முனையில் மாடுகள். ஒரே வாசல்தான். மாட்டின் உடல் சூடும் வீட்டுக்குப் பயன்பட்டது. சாணி சேர்ந்து வசந்த காலத்தில் வயலுக்குப் போகும். இப்படி எதுவும் வீணாகாது. அதே நேரம் புகையும் நெருக்கமும் உடல்நலத்துக்குக் கேடு, அதையும் மறைக்கக் கூடாது. பின்னாளில் சுகாதார விதிகள் மாட்டையும் மனிதரையும் சுவர் வைத்துப் பிரிக்கச் சொல்லி வற்புறுத்தின.

ஆனால் கியாரனன் வீடுகளில் புகைபோக்கி தெரிகிறதே?

ஆமாம், அவை பிந்தைய வகை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தவை, காலத்துக்கேற்ப மாற்றப்பட்டவை. நடுவில் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் மாட்டுத் தொழுவமும் உள்ள பழைய வகையைப் பார்க்க, அதே கரையில் வடக்கே ஆர்னோல் என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்கே 42-ஆம் எண் வீட்டை அரசின் மரபுக் காப்பு அமைப்பு பாதுகாக்கிறது. 1960-களின் நடுப்பகுதி வரை அதில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. இன்றும் உள்ளே அடுப்பை மூட்டி வைக்கிறார்கள். புகை நின்றால் கூரை கெட்டுவிடும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அடுப்பில் எதை எரித்தார்கள்?

பீட். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தாவரங்கள் முழுக்க மட்காமல் படிந்து இறுகிய கறுப்பு மண். கோடையின் தொடக்கத்தில், மே மாத வாக்கில், நீண்ட பிடியுள்ள ஒரு தனி மண்வெட்டியால் செங்கல் செங்கலாக வெட்டுவார்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் வாங்கி வீச வேண்டும். காற்றில் காயவைத்து, வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து, கவிழ்த்த படகுபோல் அடுக்குவார்கள். மழை உள்ளே இறங்காதபடி வெளி வரிசையைச் சாய்வாக அடுக்குவது ஒரு தேர்ந்த கை வேலை. இன்றும் சில குடும்பங்கள் வெட்டுகின்றன.

லூயிஸின் நடுப்பகுதி முழுவதும் இந்தச் சதுப்புதான். வெறும் பொட்டல் என்று வெளியாட்கள் சொல்வார்கள். கோடையில் பெண்களும் பிள்ளைகளும் மாடுகளை அங்கே ஓட்டிச் சென்று சிறு குடில்களில் தங்கி, பால் கறந்து, வெண்ணெய் எடுத்து வந்த காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் ஓடைக்கும் கேலிக்கில் பெயர் உண்டு. வடக்கு லூயிஸ் சதுப்பில் மிகப் பெரிய காற்றாலைப் பண்ணை ஒன்றை அமைக்கும் திட்டத்தை 2008-இல் ஸ்காட்லாந்து அரசு மறுத்தது. அங்கே வாழும் பறவைகள் முக்கியக் காரணம்.

ஹாரிஸ் ட்வீட் இந்த ஊரோடு எப்படிச் சேர்ந்தது?

பெயரில் ஹாரிஸ் இருந்தாலும் நெசவின் பெரும்பகுதி லூயிஸில்தான் நடக்கிறது. 1840-களில் ஹாரிஸ் நிலக்கிழாரின் மனைவி டன்மோர் சீமாட்டி, தீவுப் பெண்கள் நெய்த கம்பளித் துணியை இங்கிலாந்துப் பணக்காரர்களிடையே பரப்பினார். அப்புறம் போலிகள் பெருகின. அதனால் உருண்டையும் சிலுவையும் கொண்ட வணிக முத்திரை 1910-இல் பதிவானது. 1993-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அந்தச் சட்டப்படி, தூய புதுக் கம்பளியை அவுட்டர் ஹெப்ரிடீஸிலேயே சாயமிட்டு, நூற்று, தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்து, அங்கேயே முடித்தால்தான் அது ஹாரிஸ் ட்வீட்.

வீட்டிலேயே என்ற அந்த நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொழிற்சாலை ஊரை இழுத்துக்கொள்ளாமல், தறி ஊருக்குள் வந்தது. மிதித்து ஓட்டும் ஹேட்டர்ஸ்லி தறி 1920-களில் பரவியது. சைக்கிள் மிதிப்பதுபோல் காலால் மிதித்தால் நாடா தானே பாயும். மின்சாரம் வேண்டாம். ஆட்டுக்குத் தீனி போட்டுவிட்டு, நிலத்தில் வேலை பார்த்துவிட்டு, மீதி நேரத்தில் நெய்யலாம். 1966-இல் உற்பத்தி உச்சத்தைத் தொட்டது: 76 லட்சம் கெஜம். அதன்பின் சரிவு, மீட்சி, மறுபடி சரிவு என்று போய்க்கொண்டிருக்கிறது. கியாரனன் அருங்காட்சியகத்தில் பழைய ஹேட்டர்ஸ்லி தறியை ஓட்டிக் காட்டுவார்கள். அந்தச் சத்தம் ஒரு காலத்தில் ஊரின் எல்லாக் கொட்டகைகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

ஆலைகள் வருவதற்கு முன், நெய்த துணியை இறுக்குவது பெண்களின் வேலை. நீண்ட பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியைத் தாளத்தோடு அடித்துச் சுழற்றுவார்கள். ஒருத்தி அடியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பல்லவியைப் பிடிப்பார்கள். காதல், கடலில் போனவன், ஊர்க் கேலி எல்லாம் அந்தப் பாட்டுகளில் இருக்கும். வேலை நின்று பல காலம் ஆனாலும் பாட்டுகள் மேடைகளில் வாழ்கின்றன.

நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தது?

மக்களுக்குச் சொந்தமாக இல்லை. 1844-இல் லூயிஸ் தீவு முழுவதையும் ஜேம்ஸ் மாத்தேசன் வாங்கினார். இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவில் விற்ற ஜார்டின் மாத்தேசன் நிறுவனத்தின் பங்காளி அவர். அந்தப் பணத்தில் ஸ்டோர்னவேயில் கோட்டை எழுந்தது. உருளைக்கிழங்கு அழுகல் நோயால் ஏற்பட்ட பஞ்சத்துக்குப் பிறகு, 1850-களின் தொடக்கத்தில் 2,000-க்கும் மேற்பட்ட தீவு மக்கள் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். வாடகை பாக்கி உள்ளவர்களுக்கு வேறு வழி விடப்படவில்லை. பல மேற்குக் கரை ஊர்கள் காலியாகி ஆட்டுப் பண்ணைகளாயின.

1874-இல் பக்கத்திலுள்ள பெர்னெரா தீவு மக்கள் வெளியேற்ற ஆணையை எதிர்த்து எழுந்தார்கள், வழக்கிலும் வென்றார்கள். அரசு விசாரணைக் குழு 1883-இல் தீவுகளைச் சுற்றி வந்தது. 1886-இல் வந்த சட்டம் சிறு குடியானவர்களுக்கு நிலையான குத்தகை உரிமையும் நியாய வாடகையும் தந்தது. கிராஃப்ட் என்று சொல்லப்படும் அந்தச் சிறு நிலங்கள் இன்றும் அந்த உரிமையின் வழியில்தான் கைமாறுகின்றன. இன்று லூயிஸில் பல எஸ்டேட்டுகளை ஊர் மக்களே அறக்கட்டளைகள் வழியாக வாங்கிவிட்டார்கள். வடக்கில் கால்சன் எஸ்டேட் 2007-இல் மக்கள் கைக்கு வந்தது. கார்லவே எஸ்டேட் 2015-இல். ஒரு காலத்தில் வாடகைக்காக நடுங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அந்த நிலத்தை நிர்வகிக்கிறார்கள். கட்டடங்களை மீட்டதைவிட இதுவே பெரிய மீட்பு.

சரி, கேலிக் மொழி இப்போது எப்படி இருக்கிறது?

இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்து முழுவதையும் எடுத்தால், ஓரளவாவது கேலிக் தெரிந்தவர்கள் 2011-இல் ஏறக்குறைய 87,000 பேர். 2022 கணக்கெடுப்பில் 1,30,000 பேர். பள்ளிகள், தொலைக்காட்சி, கைப்பேசிப் பாடங்கள் வழியாகக் கற்பவர்கள் கூடியிருக்கிறார்கள். 2008-இல் தொடங்கிய பிபிசி ஆல்பா என்ற கேலிக் தொலைக்காட்சிக்கும் இதில் பங்கு உண்டு. 2025-இல் நிறைவேறிய ஸ்காட்டிஷ் மொழிகள் சட்டம் கேலிக்கை அலுவல் மொழியாக ஏற்றது.

ஆனால் மொழியின் கடைசிக் கோட்டையான இந்தத் தீவுகளிலேயே கேலிக் பேசுபவர்களின் பங்கு 52 சதவீதத்திலிருந்து 45 ஆகக் குறைந்துவிட்டது. பாதிக்கும் கீழே இறங்கியது இதுவே முதல் முறை. கற்பவர்கள் நகரத்தில் கூடுகிறார்கள். தாய்மொழியாகப் பேசுபவர்கள் ஊரில் குறைகிறார்கள். 2020-இல் வந்த ஓர் ஆய்வு, இப்படியே போனால் பத்தாண்டுகளில் எந்த ஊரிலும் கேலிக் அன்றாடப் பொதுமொழியாக இருக்காது என்று எச்சரித்தது.

காரணங்கள் பழையவை. 1872 கல்விச் சட்டம் பள்ளிக்குள் கேலிக்குக்கு இடமே வைக்கவில்லை. கேலிக் பேசியதற்காகப் பிள்ளைகள் அடி வாங்கினார்கள். ஆங்கிலம்தான் பிழைப்பு தரும் என்று பெற்றோர்களே நம்பும்படி ஆனது. இன்றைய காரணங்களில் எனக்கு மிகக் கவலை தருவது வீடு. விடுமுறைக்கு வருபவர்கள் கொடுக்கும் விலையை உள்ளூர் இளம் தம்பதி கொடுக்க முடியாது. அவர்கள் போனால் அவர்களின் குழந்தைகளோடு மொழியும் போகிறது. தீவுகளின் உள்ளாட்சி மன்றம் 2020-இல், முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளுக்குக் கேலிக் வழிக் கல்வியே இயல்பான தேர்வு, ஆங்கில வழி வேண்டுமென்றால் பெற்றோர் கேட்டு வாங்கலாம் என்று முடிவெடுத்தது. துணிச்சலான முடிவு. பள்ளி முடிந்து வந்த பிள்ளை வாசலில் யாரோடு கேலிக்கில் பேசும் என்பதைப் பொறுத்துத்தான் அதன் பலன்.

ஊர் வரலாற்றை யார் காக்கிறார்கள்?

ஊர்க்காரர்களே. லூயிஸின் வடக்கு முனையில் நெஸ் பகுதி மக்கள் 1977-இல் தங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து தீவெங்கும் இப்படிப்பட்ட சங்கங்கள் முளைத்தன. பழைய புகைப்படங்கள், பள்ளிப் பதிவேடுகள், மண்வெட்டி, மீன்பிடிச் சாமான்கள் எல்லாம் சேர்க்கிறார்கள். எந்தக் கிராஃப்டில் யார் இருந்தார், அவர் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நிலம் நிலமாக எழுதிவைக்கிறார்கள். கனடாவிலிருந்து கொள்ளுப்பாட்டனின் வீட்டைத் தேடி வருபவர்கள் கடைசியில் இந்தச் சங்கத்தின் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஊரில் மெக்லவுட், மெக்டானல்ட், மோரிசன் என்று சில குடும்பப் பெயர்கள்தான். முதல் பெயர்களும் கொஞ்சம்தான். அதனால் ஒருவரை அப்பா பெயர், தாத்தா பெயர், பட்டப்பெயர் சேர்த்து அழைப்பார்கள். அரசுப் பதிவேட்டில் அது இருக்காது. ஊர்ப் பெரியவர்களின் வாயில்தான் இருக்கும். அவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்வது அதனால்தான் அவசரமான வேலை. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி 1951 முதல் திரட்டிய பாட்டு, கதைப் பதிவுகள் ‘டோபர் அன் டுவால்கைஷ்’ என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன.

ஊர்ப் பெரியவர்கள் ‘அயோலேர்’ என்ற பெயரைச் சொல்லத் தயங்குவார்களாமே, ஏன்?

1919 ஜனவரி 1. முதல் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய லூயிஸ், ஹாரிஸ் கடற்படையினரை ஏற்றிவந்த அயோலேர் என்ற கப்பல், ஸ்டோர்னவே துறைமுக வாயிலுக்குப் பக்கத்திலேயே பாறையில் மோதியது. 201 பேர் இறந்தார்கள். நெஸ்ஸைச் சேர்ந்த ஜான் எஃப். மெக்லவுட் கயிற்றோடு நீந்திக் கரையேறி, 40 பேர் உயிர் பிழைக்க வழி செய்தார். நான்கு ஆண்டுப் போரைத் தாண்டி வந்தவர்களை வீட்டு விளக்கு தெரியும் தூரத்தில் இழந்த துயரத்தைத் தீவு பல பத்தாண்டுகள் வாய்விட்டுப் பேசவே இல்லை.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

கார்லவேயில் இரும்புக் காலக் கல் கோபுரம், ஒரு பக்கம் இன்னும் 9 மீட்டர் உயரம் நிற்கிறது. அதிலிருந்து தெற்கே கலனிஷ் கற்கள், ஏறக்குறைய 5,000 ஆண்டுப் பழமை. 1857-இல் சுற்றியிருந்த பீட்டை அகற்றிய பிறகுதான் முழு உயரமும் தெரிந்தது. 1831-இல் ஊய்க் பகுதியில் வால்ரஸ் தந்தச் சதுரங்கக் காய்கள் கிடைத்தன. பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறு காய்கள் ஸ்டோர்னவேக்குத் திரும்பி வந்திருக்கின்றன.

தமிழர்களுக்கும் இந்தத் தீவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் பெரிய தொடர்பு. ‘மெக்கன்சி சுவடிகள்’ கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றைத் திரட்டிய காலின் மெக்கன்சி 1754 வாக்கில் ஸ்டோர்னவேயில் பிறந்தவர். 1783-இல் சென்னைக்கு வந்து, பின்னர் 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். அளவை வேலையோடு காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பிகள் போன்ற உள்ளூர் அறிஞர்களின் துணையோடு தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர் வரலாறுகளையும் சேர்த்தார். அதில் ஒரு பெரும் பகுதி சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. 1821-இல் கல்கத்தாவில் இறந்தார். பிறந்த தீவுக்கு அவர் திரும்பவே இல்லை.

போக விரும்பினால்?

பெருநிலத்தின் உல்லபூல் துறைமுகத்திலிருந்து ஸ்டோர்னவேக்குக் கப்பல், சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். கிளாஸ்கோ, இன்வர்னஸிலிருந்து விமானமும் உண்டு. மே, ஜூன் மாதங்களில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். எந்த மாதம் போனாலும் மழைக்கும் காற்றுக்கும் உடை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். லூயிஸ் பிரஸ்பிட்டேரியன் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவின் கடுமையான மரபுள்ள தீவு. ஞாயிறு கப்பல் 2009-இல்தான் தொடங்கியது, அதுவும் எதிர்ப்புக்கு நடுவே. கடைகள் பலவும் மூடியிருக்கும். அன்று தேவாலயத்தில் கேலிக் வழிபாடு இருந்தால், அமைதியாகப் பின்வரிசையில் உட்காரலாம். ஒருவர் பைபிளின் சங்கீதப் பாடல் ஒன்றின் அடியை எடுத்துக்கொடுக்க, சபை முழுவதும் இசைக்கருவி எதுவும் இல்லாமல் அவரவர் இழுப்பில் அதைத் தொடரும். நூறு குரல்களும் நூறு விதமாக நெளிந்து ஒன்றுசேரும் அந்தப் பாடல் முறையை ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்தே கேலிக் கற்க முடியுமா?

முடியும். டுயோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் 2019 முதல் ஸ்காட்டிஷ் கேலிக் பாடம் இலவசமாக உண்டு. பிபிசியின் கேலிக் வானொலியை இணையத்தில் கேட்கலாம். ஸ்கை தீவில் 1973-இல் தொடங்கிய சவல் மோர் ஒஸ்டெய்க் கல்லூரி தொலைவழியிலும் பாடம் நடத்துகிறது. எழுத்துக்கும் ஒலிப்புக்கும் தூரம் அதிகம் என்பதால் முதலில் காதால் பழகுவது நல்லது. முன்பு சொன்ன ஒலிக் களஞ்சியத்தில் கார்லவே என்று தேடிப் பாருங்கள். அந்தக் கரையின் பெரியவர்கள் தங்கள் சொந்தப் பேச்சில் கதை சொல்வதைக் கேட்கலாம்.